சித்தூரிலிருந்து சக்குபள்ளம்: இடுப்பு வலியைத் தேடிப் போன பயணம்

இடுப்பு வலி உள்ளவர்கள் குமுளி மலைப்பாதையில் பஸ்ஸில் போகலாமா என்று கோவை வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். போகலாம். பின்சக்கரத்துக்கு மேலே இருக்கும் இருக்கையில் மட்டும் உட்காராதீர்கள். இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. 1975 அக்டோபரில் நான் அந்தப் பாதையில் முதன்முதலாக ஏறியதே இடுப்பு வலியைப் பற்றி ஆராயத்தான். அந்தப் பயணத்தைப் பற்றி இதுவரை எழுதியதில்லை. எண்பது வயது ஆகிவிட்டது, இனியும் தள்ளிப்போட வேண்டாம் என்று எழுதுகிறேன்.

அப்போது எனக்கு முப்பது வயது. பாலக்காட்டில் கான்வென்ட் படிப்பு, பிறகு பிசியோதெரபி, பிறகு கோவையில் ஒரு மருத்துவமனையில் வேலை. எங்கள் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்தில் அந்தப் படிப்பைப் படித்த வேறு பெண்ணை நான் அறியேன். அது என்ன படிப்பு என்று கேட்ட உறவினர்களுக்கு என் கணவர் சலிக்காமல் விளக்குவார். "கால் அமுக்கி விடறதுக்கா காலேஜ்?" என்று ஒரு பெரியவர் கேட்டபோது, "ஆமாங்க, உங்களுக்கு வலி வந்தா சொல்லுங்க, சீட்டு வாங்கி வைக்கிறேன்" என்றார். அவர் போய்ப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. அந்தப் பதிலை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது.

ஆராய்ச்சியை நடத்தியவர் டாக்டர் அன்னம்மா. மருத்துவக் கல்லூரியில் எலும்பு மூட்டுப் பிரிவில் இருந்தவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வேலை செய்யும்போது உடம்பு எந்த நிலையில் இருக்கிறது, அதனால் முதுகும் மூட்டும் என்ன ஆகின்றன என்பதுதான் கேள்வி. அந்தக் காலத்தில் இப்படி ஒரு கேள்வி உண்டென்றே பலருக்குத் தெரியாது. பெண்ணுக்கு இடுப்பு வலித்தால் பிள்ளை பெற்றதால் என்பார்கள், அத்தோடு முடிந்தது. குனிந்து வேலை செய்யும் இரண்டு கூட்டத்தை ஒப்பிடத் திட்டம்: பெருமாட்டியில் நாற்று நடும் பெண்கள், குமுளிக்கு அப்பால் சக்குபள்ளத்தில் ஏலக்காய் எடுக்கும் பெண்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்து, அந்த நொடியில் ஒவ்வொருத்தியும் நிற்கிறாளா, குனிந்திருக்கிறாளா, குந்தியிருக்கிறாளா, உட்கார்ந்திருக்கிறாளா என்று குறிப்பது என் வேலை. சாயங்காலம் எங்கே வலிக்கிறது என்று கேட்டு, முதுகு எவ்வளவு வளைகிறது என்று அளப்போம்.

பெருமாட்டி எனக்குச் சொந்த ஊர் மாதிரி. சித்தூரிலிருந்து அரை மணி நேர பஸ், நாற்பது பைசா. இரண்டாம் போக நடவு நடந்துகொண்டிருந்தது. வரப்பில் நான் கடிகாரத்தோடு நிற்பதைப் பார்த்த மறுநிமிடமே வயலிலிருந்து குரல் வந்துவிட்டது.

"ஏனுங்க அம்மிணி, எங்க இடுப்பைப் பார்க்கவா இத்தனை படிச்சீங்க?"

"ஆமாங்க. வலிக்குதா இல்லையா, அதைச் சொல்லுங்க."

"வலிக்கறது இருக்கட்டும். உங்க ஊட்டுக்காரரு இடுப்பைப் பார்த்து முடிச்சாச்சுங்களா?"

வயல் முழுக்கச் சிரிப்பு. அப்போதும் ஒருத்தியும் நிமிரவில்லை. குனிந்தபடியே சிரித்தார்கள், குனிந்தபடியே பின்னால் நகர்ந்தார்கள், கை நட்டுக்கொண்டே இருந்தது. வேறு வழியும் இல்லை. முழங்கால் அளவு சேற்றில் எங்கே உட்காருவது? என் தாளில் 'குனிவு' என்ற கட்டம்தான் நிரம்பியது. நான்கு நாளில் அந்தப் பகுதி முடிந்தது.

இனி பாதை. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குச் சித்தூரில் பஸ் ஏறினோம். பொள்ளாச்சி ஏழே கால், கட்டணம் ஒரு ரூபாய் அறுபது. அங்கே இட்லி நன்றாக இருந்தது, டம்ளர் நன்றாகக் கழுவப்படவில்லை, திருப்பிக் கொடுத்து வேறு வாங்கினேன். பொள்ளாச்சியிலிருந்து பழனி வழியாகத் திண்டுக்கல், நான்கு மணி நேரம், ஆறு ரூபாய். திண்டுக்கல்லிலிருந்து தேனி வழியாகக் கம்பம், மறுபடியும் நான்கு மணி நேரம், ஆறரை ரூபாய். வண்டி நின்ற இடத்தில் எல்லாம் இறங்கி, இடுப்பில் கை வைத்துப் பின்னால் வளைந்து, பத்துத் தப்படி நடந்துவிட்டு ஏறினேன். கண்டக்டர், "இந்தம்மா ஒவ்வொரு ஊர்லயும் எதைத் தேடுது?" என்று டிரைவரிடம் கேட்டார். கம்பத்தில் இறங்கியபோது டாக்டர் அன்னம்மா நிமிர முடியாமல் நின்றார். நான் என் பெட்டியையும் அவர் பெட்டியையும் தூக்கிக்கொண்டு விடுதிக்கு நடந்தேன். இருவருக்கும் சேர்த்து அறை வாடகை பன்னிரண்டு ரூபாய். சுத்தமான அறை.

மறுநாள் காலை கம்பத்திலிருந்து குமுளி, மலைப்பாதையில் ஒரு மணி நேரம், ஒன்று நாற்பது. குமுளியிலிருந்து சக்குபள்ளத்துக்கு ஜீப். ஆளுக்கு இரண்டு ரூபாய். மழையில் பாதை குழைந்து கிடந்தது. டிரைவர் ஒரு பக்கமாகச் சாய்ந்தே ஓட்டினார். கதவு இல்லாத வண்டியில் சாரலுக்கு ஒதுங்கி ஒதுங்கி அப்படிப் பழகிவிட்டதாம்.

"வலது தோள் வலிக்குமே?" என்று கேட்டேன்.

"எப்படிக் கண்டீங்க? ஜோசியம் பார்ப்பீங்களா?"

"அதைவிடக் கஷ்டமான படிப்பு" என்றேன். சனிக்கிழமை எங்களைக் குமுளியில் திரும்பக் கொண்டுவிட்டபோது அவர் காசு வாங்க மறுத்தார். நான் கையில் திணித்துவிட்டுத்தான் இறங்கினேன்.

தோட்டத்தின் பெயர் வேண்டாம். பெரிய மரங்களின் நிழலில் ஆள் உயரத்துக்கு ஏலச்செடி. இலைதான் உயரத்தில் இருக்கும். காய் பிடிக்கும் சரம் செடியின் தூரிலிருந்து கிளம்பித் தரையோடு படர்ந்து கிடக்கும். ஆகவே காய் எடுப்பு முழுவதும் தரையில்தான். பழுத்ததை மட்டும் பார்த்துப் பறிக்க வேண்டும், பிஞ்சைத் தொடக் கூடாது. இடுப்பில் கூடை, மழைக்கும் அட்டைக்குமாக இடுப்பைச் சுற்றிச் சாக்கு. பெண்கள் எல்லோரும் திருநெல்வேலி, மதுரைப் பக்கத்துக் குடும்பங்கள், லயத்தில், அதாவது தோட்டம் கொடுத்த வரிசை வீடுகளில், குடியிருப்பவர்கள். மேற்பார்வைக்குக் கங்காணி சுடலைமுத்து. ஐம்பது வயது, குடை, கைத்தடி, வீங்கிய வலது முழங்கால். எங்களைக் கண்டதும், "பொம்பளைக இடுப்புக்குத்தான் ஆராய்ச்சியா? கங்காணி முழங்காலுக்குக் கிடையாதா?" என்று கேட்டார். டாக்டர் சிரித்தார். நான் முழங்காலைக் கவனித்துக்கொண்டேன்.

முதல் இரண்டு நாளும் தாளில் மறுபடியும் 'குனிவு'தான். காலை முதல் மாலை வரை வேறு கட்டத்தில் ஒரு கோடும் விழவில்லை. டாக்டருக்கு மகிழ்ச்சி. "சரோஜே, இரண்டிடத்திலும் ஒரே காரியம்தான். நமக்கு வேலை எளுப்பமாச்சு" என்றார். எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. இவ்வளவு சுத்தமான தாளை நான் நம்புவதில்லை.

எங்கள் கான்வென்ட்டில் காலை வழிபாட்டுக்கு முன் மதர் எங்களை வரிசையாக நிறுத்தித் திரும்பி நிற்கச் சொல்வார். பாவாடையின் முன்பக்கத்தைப் பார்க்கவே மாட்டார், பின்பக்கத்தைத்தான் பார்ப்பார். நாங்கள் எங்கே உட்கார்ந்து எழுந்தோம் என்பது அங்கேதான் இருக்கும். புதன்கிழமை மாலை பெண்கள் எடை போட்டுவிட்டு லயத்துக்கு நடந்தபோது நானும் பின்னால் நடந்தேன். ஒவ்வொருத்தியின் சாக்கிலும் பின்பக்கம் ஈர மண் அப்பியிருந்தது. நாள் முழுக்கக் குனிந்தே நிற்பவளுக்கு அங்கே மண் எப்படி வரும்?

பேச்சியம்மாவிடம் கேட்டேன். அந்தக் கூட்டத்தில் அவள் முதுகுதான் மிக மோசமாக இருந்தது. முப்பத்தைந்து வயது, இரண்டு பெண் குழந்தைகள். கணவன் கம்பத்தில் வேறு குடித்தனம் போட்டுவிட்டான். பாதி தூரம் குனிந்தாலே பல்லைக் கடிப்பாள்.

"உக்காந்துதான எடுக்கேன்மா, ஆரும் இல்லாதப்ப" என்றாள். "கங்காணி வந்தா எந்திரிச்சிருவோம். அவரு நிக்கையில நாம உக்காந்திருக்கலாமா? மரியாதி இல்லைல்லா? நீங்களும் நின்னுக்கிட்டே பாத்துட்டு இருந்தீய. பெறவு எப்படி உக்கார?"

அப்போதுதான் விளங்கியது. செடி அவளைக் குனியச் சொல்லவில்லை. எதிரே ஒருவர் நிற்பதுதான் குனிய வைக்கிறது. நாங்களும் அதில் சேர்த்தி. இதை முதலில் கண்டது நான் என்பதில் எனக்கு இன்றுவரை பெருமைதான். அடக்கமாகச் சொல்ல வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை.

"நல்லவேளை கேட்டீய" என்று பேச்சியம்மாவே தொடர்ந்தாள். "சனிக்கிழமையோட என் பேரை வெட்டிருவாக. வேலைக்கு ஆகாதுன்னு கம்பவுண்டர் சொல்லிட்டாரு. பேரு போனா லயம் போகும். பிள்ளைகளக் கூட்டிட்டு எங்க போவேன்?"

அன்றைக்கே மேனேஜரைப் பார்க்கப் போனோம். டாக்டருக்கு அதில் விருப்பமில்லை. நாம் கண்டதை எழுத வந்தவர்கள், மாற்ற வந்தவர்கள் அல்ல என்றார். "நம்மைக் கண்டு எழுந்து நிற்பதைத்தானே இரண்டு நாளாக எழுதியிருக்கிறோம், டாக்டர்?" என்றேன். அவர் மழைக்கோட்டை எடுத்துக்கொண்டார்.

மேனேஜர் கோட்டயம் பக்கத்துக்காரர், மரியாதையானவர். நாற்காலி போட்டு, டீ கொடுத்தார்.

"உக்காந்தா கை நிக்கும், சிஸ்டர். நான் எத்தன கொல்லமா காணறேன்" என்றார். கொல்லம் என்றால் அவர் பேச்சில் வருடம்.

"நான் சிஸ்டர் அல்ல, பிசியோதெரபிஸ்ட். உங்கள் கிளார்க் நின்றுகொண்டா கணக்கு எழுதுகிறார்?"

"அது வேற வேலையாக்கும்."

"கண்ணும் விரலும் செய்கிற வேலைதான் இரண்டும்."

மேனேஜர் ஒரு நிபந்தனை போட்டார். வெள்ளிக்கிழமை ஒருநாள் பேச்சியம்மா உட்கார்ந்தே எடுக்கட்டும். சாயங்காலம் மற்றவர்களோடு நிற்கிற எடை வந்தால் பேர் இருக்கும், வராவிட்டால் கம்பவுண்டர் சொன்னதுதான். இதற்குமேல் பேச்சில்லை என்றார்.

லயத்துக்குப் போய்ச் சொன்னேன். பேச்சியம்மா கையெடுத்துக் கும்பிடவில்லை. "நீங்க போயிருவீய. கங்காணி மூஞ்சில முழிக்கிறது நானுல்லா" என்றாள். அவள் சொன்னது நியாயம். பிறகு அவளே, "குனிஞ்சாலும் பேரு போவுது. உக்காந்தே போகட்டும்" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை எப்படி உட்கார வேண்டும் என்று காட்டிக் கொடுத்தேன். சரிவில் மேற்பக்கம் உட்கார வேண்டும், பாதம் கீழ்ப்பக்கம், மடித்த சாக்கு அடியில், கூடை இடுப்பில் அல்லாமல் பக்கத்தில். ஒரு தூரை முழுவதும் முடித்துவிட்டுத்தான் எழ வேண்டும். சரியாகச் செய்தாள். பக்கத்துச் செடியிலிருந்து ஒருத்தி, "ஏட்டி பேச்சி, மகாராணி கணக்கா உக்காந்துட்டியே, விசிறி வீச ஆள் வேணுமா?" என்றாள். "உன்னைத்தாம்ட்டி கூப்பிடலாம்னு இருந்தேன்" என்றாள் இவள்.

ஆனால் நடந்தது நான் எண்ணியது அல்ல. குடை தெரிந்தால் போதும், பேச்சியம்மா துள்ளி எழுந்தாள். அனுமதி கொடுத்தாயிற்று, மேனேஜரே சொல்லியாயிற்று, அவளுக்கும் தெரியும். ஆனாலும் கால் தானாக எழுந்தது. கங்காணி அன்றைக்கு வேண்டுமென்றே அந்த வரிசையில் அதிகம் நடந்தார். எழுந்து, உட்கார்ந்து, மறுபடி எழுந்து, குனிந்து நின்று எடுப்பதைவிட அது கொடுமையாகிவிட்டது. மதியம் எடை போட்டபோது எல்லோரையும்விட அவள் கூடை குறைவாக இருந்தது. "என்ன தாயி, ஆராய்ச்சி படுத்துட்டோ?" என்றார் சுடலைமுத்து. பேச்சியம்மா என்னைப் பார்க்கவே இல்லை. சாப்பாட்டைத் திறக்காமல் வைத்திருந்தாள்.

என் யோசனையால் ஒருத்தியின் வீடு போகப் போகிறது என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. அவளை உட்கார வைத்தது போதாது. நிற்பவரை என்ன செய்வது?

"கங்காணியார், அந்த முழங்காலைக் காட்டுங்கள்" என்றேன்.

"இப்பவா?"

"ஆராய்ச்சியில் உங்கள் முழங்கால் இல்லையா என்று நீங்கள்தானே கேட்டீர்கள்?"

வரிசையின் மேல்முனையில் ஒரு பாறை இருந்தது. அதில் உட்கார வைத்து, வேட்டியை ஒதுக்கிப் பார்த்தேன். விளையாட்டுக்குச் செய்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். உண்மையிலேயே நீர் கோத்து, சூடாக இருந்தது. அந்தக் காலோடு அவர் அந்தச் சரிவில் நிற்பதே தவறு. காலை நீட்டி, அடியில் மடித்த சாக்கு வைத்து, கிரேப் பேண்டேஜை முறையாகச் சுற்றினேன். "நான் அவிழ்க்கும்வரை எழுந்தால் வீக்கம் கூடும். இங்கிருந்தே எல்லா வரிசையும் தெரிகிறதே, பாருங்கள்" என்றேன்.

கட்டு போட்டதும் வலி குறைந்திருக்க வேண்டும். "தெரியத்தான் செய்யுது" என்றார்.

கீழே பேச்சியம்மா பழக்கத்தில் பாதி எழுந்தாள். பாறையைப் பார்த்தாள். கங்காணி கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். எழுந்தவள் அப்படியே மெல்ல இறங்கி உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு எழவில்லை. இரண்டு கையும் சரத்தில் ஓடின. சற்று நேரத்தில் காலையில் கேலி பேசினவள், "கங்காணியே உக்காந்தாச்சு, நாம ஆருக்குட்டி நிக்கோம்?" என்று சாக்கை விரித்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. மூன்று மணிக்கு அந்தச் சரிவில் நின்றவள் நான் ஒருத்திதான். வெட்கப்பட்டு நானும் உட்கார்ந்தேன். தாளில் முதல்முறையாக 'உட்கார்வு' கட்டம் வரிசையாக நிரம்பியது.

எடை போடும் நேரத்துக்கு மேனேஜர் வந்தார். அவரைக் கண்டும் யாரும் எழவில்லை. கங்காணி எழப் பார்த்தார். "கட்டு நழுவிவிடும்" என்று தோளைப் பிடித்து அமுக்கினேன். பேச்சியம்மாவின் கூடையைத் தராசில் மாட்டினார்கள். மதியம் விட்டதைப் பிடித்து, மற்றவர்களோடு சரியாக நின்றது எடை. மேனேஜர் இறக்கி மறுபடி மாட்டச் சொன்னார். மாறவில்லை. மற்றவர்கள் எடையும் வழக்கத்துக்குக் குறையவில்லை.

"பேர் அங்கதன்னெ இருக்கட்டும்" என்றார்.

பேச்சியம்மா எனக்கு நன்றி சொல்லவில்லை. நேரே என்னிடம் வந்து, "நாளைக்கு அவரு கட்டை அவுத்துட்டா?" என்று கேட்டாள்.

சரியான கேள்வி. சனிக்கிழமை காலை எங்களைக் குமுளிக்குக் கூட்டிப்போக ஜீப் வருவதற்கு முன் முழங்காலைப் பார்க்கப் போனேன். சுடலைமுத்து பாறையில் இருந்தார். அடியில் மடித்த கம்பளி, பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீர், குடையை மரத்தில் சாய்த்துக் கட்டியிருந்தார். கட்டை அவிழ்த்துப் பார்த்தேன். வீக்கம் பாதி வடிந்திருந்தது. இனிக் கட்டு வேண்டாம் என்று நேர்மையாகச் சொல்லிவிட்டேன்.

"கட்டு வேண்டாம்னா வேண்டாம்" என்றார். "உக்காரதை நிப்பாட்டச் சொல்லிராதீய. இருபது வருசமா நின்னாச்சு. எனக்கு மட்டும் எலும்பு இல்லையா?" பிறகு சரிவைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "ஏ பேச்சி, மேல்ப்பக்கமா உக்காரு, அங்கன சறுக்கும்!"

ஜீப்பில் வரும்போது டாக்டர் அன்னம்மா, "ஒரு கூட்டத்துக்கு உட்கார இடமில்லை, ஒரு கூட்டத்துக்கு உட்கார விடவில்லை. இரண்டு வலியும் ஒன்றல்ல. இது நீ கண்டதென்று நான் எல்லா இடத்திலும் சொல்லுவேன்" என்றார். சொன்னார். அவர் இருந்தவரை சொன்னார்.

இனிப் போகிறவர்களுக்கு. வழி இன்றும் அதேதான். நேரமும் கட்டணமும் நான் சொன்னவை பழையவை, புறப்படும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் சித்தூரிலிருந்து மலை ஏற வேண்டாம், கம்பத்தில் இரவு தங்குங்கள். பஸ்ஸில் நடு இருக்கை, இடுப்புக்குப் பின்னால் சுருட்டிய துண்டு, வண்டி நின்றால் இறங்கி நடங்கள், யார் கேலி செய்தாலும் சரி. மழைக்காலமானால் அட்டைக்கு உப்பும் புகையிலையும் எடுத்துப் போங்கள். நடவு வயலுக்குப் போனால் அவர்கள் கரையேறும் நேரத்தில் பேசுங்கள், குனிந்திருப்பவர்களிடம் கேள்வி கேட்டு நிறுத்தாதீர்கள். ஏலத்தோட்டத்துக்குள் அனுமதி வாங்கிக்கொண்டே நுழையுங்கள். காய் எடுக்கும் பெண்களை நிழற்படம் எடுக்க ஆசையாக இருக்கும். எதிரே போய் நின்று எடுக்காதீர்கள். நீங்கள் நின்றால் அவர்களில் யாராவது ஒருத்தி எழுந்துவிடுவாள். தள்ளி ஒரு கல்லைப் பார்த்து, ஈரமானாலும் பரவாயில்லை, முதலில் நீங்கள் உட்காருங்கள்.